பிறசுப்பூவுக்கு ஒரு பேரவை

தயாளினியின் மூன்று பரப்புக் காணியை இராணுவம் இருபத்தேழு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்து ஆறு மாதம் ஆகவில்லை, ஒரு பூ வந்து அதைப் பிடித்துக்கொண்டது. இராணுவத்திடம் காணி கேட்டபோது ஊரே கூட நின்றது. பந்தல் போட்டார்கள், மகஜர் எழுதினார்கள், வெயிலில் குந்தியிருந்தார்கள். பூவிடம் காணி கேட்டபோது அவளுடைய புருஷன்கூட அரைமனதாகத்தான் நின்றான். பூவின் பக்கத்திலோ ஒரு பேரவையே நின்றது. அதற்குத் தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் எல்லாரும் இருந்தார்கள். உறுப்பினர் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

காணி மயிலிட்டித் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தயாளினியும் புருஷன் சிவரூபனும் திரும்பிப் போனபோது வீடு நின்ற இடத்தில் நாயுண்ணிப் பற்றை நின்றது. இயந்திரம் விட்டு அதை வழித்தார்கள். ஐப்பசி கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும் வெளித்த நிலமெல்லாம் புல் முளைத்தது. மார்கழியில் ஒரு காலை, கிணற்றடிக்குப் பக்கத்தில், இரண்டு பாய் விரிக்கிற அளவு இடத்தில், புல்லுக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தலைகள் தெரிந்தன.

தயாளினிக்கு அது புதினம் இல்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் பின்பக்கத்துத் தரவைப் புல்வெளியில் மாரி முடிய இந்தப் பூ வரும். முழங்காலுக்குக் கீழான செடி. இலை ஒடுங்கி, தொட்டால் சுரசுரக்கும். தண்டின் நுனியில், சிவப்புப் பெயின்ற் பேணிக்குள் தோய்த்து எடுத்த பிறஸ் போல ஒரு குஞ்சம். முகாம் பெண்கள் அதற்குப் பிறசுப்பூ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பைப் பார்க்கிறவர்கள் பூ என்பார்கள். உண்மையில் அது பூ இல்லை, நுனி இலைகள்தான் அப்படிச் சிவந்து நிற்கின்றன. சிவப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஒரு சின்னக் குழல் இருக்கும். அதுதான் பூ. ஒரு கவர்ச்சியும் இல்லை. வேலை செய்கிறது அது, பெயர் எடுக்கிறது இலை.

சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடான காலத்தில் அந்தக் குஞ்சத்தையும் செவ்வரத்தை இலையையும் சேர்த்து அம்மியில் தட்டி, அரிசி கழுவின தண்ணீரில் ஊறவிட்டுத் தலை முழுகுவார்கள். பொடுகு போகும், தலைமயிர் பிடித்தால் கிறீச்சென்னும். அதற்குமேல் அதனிடம் ஒருவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதுவும் தரவில்லை.

அதை வளர்க்கத் தயாளினி பட்ட பாடு தனி. தரவையிலிருந்து மூன்று முறை வேரோடு கிளப்பிவந்து பேணியில் நட்டாள். மூன்று முறையும் நாலாம் நாள் தலை சாய்த்தது. நாலாம் தரம் அலுப்பில், மண்வெட்டியைக் கண்டபடி போட்டு, புல்லும் மண்ணுமாக ஒரு கட்டியைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாள். அது பிடித்தது. ஏன் பிடித்தது என்று பார்க்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. ஒரு செடியைக் கிண்டிக் கழுவிப் பார்த்தாள். பூச்செடியின் வேர், புல்லின் வேரில் உண்ணி கடித்ததுபோல முடிச்சு முடிச்சாக ஒட்டியிருந்தது. தின்கிறது புல்லின் சோறு, உடுத்துகிறது சிவப்புச் சட்டை.

"அடி கள்ளி," என்றாள் தயாளினி, பூவைப் பார்த்து.

ஆகவே கிணற்றடியில் அதைக் கண்டபோது அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, ஒரு கணக்கும் வந்தது. வீட்டுத்திட்டத்தில் அவளுடைய பெயர் வந்திருந்தது. ஜனவரி முப்பத்தோராம் தேதிக்கு முன்னம் அத்திவாரம் வெட்டிக் கல் வைத்திருக்க வேண்டும். தவறினால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். சிவரூபன் நூல் பிடித்துப் பார்த்ததில் வீட்டின் வலதுபக்கம் முழுவதும் பூவுக்கு மேலே விழுந்தது. கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் விட வேண்டிய தூரம், ஒழுங்கைக்கு விட வேண்டிய தூரம் எல்லாம் பார்த்தால் வீட்டை ஒரு முழம்கூட நகர்த்த இயலாது.

"புல்லோடை பேத்து வடக்கு வேலிக்கரைக்குக் கொண்டுபோவம்," என்றாள் அவள். "பொங்கலுக்கு முந்திச் செய்தால் பிடிச்சிடும்."

"ஓம்," என்றான் சிவரூபன். அவன் நல்லவன். கடலுக்குப் போகிற மனுஷன், காற்றோடும் நீரோட்டத்தோடும் மல்லுக்கட்டுவான். கரையில் யார் என்ன சொன்னாலும் ஓம் என்பான். ஒரே நாளில் இரண்டு கட்சிக் கூட்டத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டு, இரண்டுக்கும் போய்வந்தவன்.

பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து காணி பார்க்க வந்த கஜீபன்தான் வினையைத் தொடக்கிவைத்தான். அபிவிருத்தி உத்தியோகத்தன், வேலைக்கு வந்து ஒரு வருடம். அளவுநாடா பிடித்து முடிந்ததும் பூவை ஒரு படம் எடுத்தான். "மயிலிட்டி மண்ணின் அழகு" என்று எழுதிப் பேஸ்புக்கில் போட்டான். அவன் எண்ணியது நாற்பது லைக். அவனுக்குக் கிடைத்தது கலாபூஷணம் நமசிவாயம்.

நமசிவாயம் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர். அவர் படித்ததும் படிப்பித்ததும் வணிகக் கல்வி. ஆனால் ஓய்வுபெற்ற பணிப்பாளருக்குத் தெரியாத பாடம் என்று ஒன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. சைவசித்தாந்தம், சர்க்கரை வியாதி, சந்திரனுக்கு ரொக்கெற் விடுவது, எதைப் பற்றியும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பேசுவார். வலிகாமம் அருந்தாவரப் பேணுகைப் பேரவைக்கு அவர்தான் ஆயுட்காலத் தலைவர். பேரவை தொடங்கி நாலு வருடம். அதுவரை பேணுவதற்கு அருந்தாவரம் ஒன்றும் அகப்படாத குறைதான்.

மூன்றாம் நாள் பேரவைக்காரர் வாடகைக்கு ஒரு வான் பிடித்து வந்து இறங்கினார்கள். நமசிவாயம் பூதக்கண்ணாடியோடு கிணற்றடிக்குப் போய்க் குனிந்தார். மற்றவர்கள் அவர் குனிவதைப் படம் எடுத்தார்கள்.

"ஐயிதழ்," என்றார் அவர், சிவப்பைத் தொட்டு. "எழுதுங்கோ செயலாளர். செந்நிற ஐயிதழ் மலர்."

"அது இலை," என்றாள் தயாளினி.

நமசிவாயம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, பிள்ளை?"

"நீங்கள் பிடிச்சிருக்கிறது இலை, ஐயா. பூ உள்ளுக்கு இருக்குது. மெல்லமா விரிச்சுப் பாருங்கோ."

செயலாளர் பேனையைத் தூக்கிக்கொண்டு நின்றார், எழுதுவதா வெட்டுவதா என்று தெரியாமல். நமசிவாயம் கண்ணாடியைத் துடைத்தார். "பாமர மக்கள் இலை எண்டுதான் சொல்லுவினம். அதையும் ஒரு குறிப்பாப் போடுங்கோ. சரி, உங்கடை பக்கத்திலை இதுக்கு ஏதும் பேர் இருக்கோ?"

"பிறசுப்பூ."

பேரவையில் ஒருவருக்கு இருமல் வந்தது. நமசிவாயம் கண்ணை மூடித் திறந்தார். "செந்தூரிகை மலர்," என்றார். "இண்டையிலிருந்து செந்தூரிகை மலர். மருத்துவப் பயன் ஏதும் தெரியுமோ?"

"தலை முழுகலாம். உள்ளுக்குக் குடிக்கக் கூடாது."

"தலை," என்றார் நமசிவாயம் செயலாளரிடம். "மூளை, நரம்பு சம்பந்தப்பட்டது."

அடுத்த ஞாயிறு பத்திரிகையில், நரம்புத் தளர்ச்சியிலிருந்து புற்றுநோய்வரை தீர்க்கவல்ல அரிய மூலிகை மயிலிட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது என்று வந்தது. கண்டுபிடித்தவர் படம் நாலு அங்குலத்தில் இருந்தது. மூலிகையின் படம் முத்திரை அளவில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அளவெட்டியிலிருந்து ஒருவர் நோயாளித் தாயாருக்கென்று கேட்டு ஓட்டோவில் வந்தார். தயாளினி அவரைக் கிணற்றடிக் கல்லில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். இது பொடுகுக்குப் போடுகிற சாமான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கோ என்று விளக்கி அனுப்பிவிட்டு, அந்தச் சூட்டோடேயே நமசிவாயத்துக்குப் போன் எடுத்தாள். அவர் கூட்டத்தில் இருப்பதாக அவரே சொன்னார்.

அதோடு நின்றிருந்தால் அவள் விட்டிருப்பாள். ஜனவரி நாலாம் தேதி பேரவை கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதியது. அருந்தாவரம் இருக்கும் நிலத்தில் ஆய்வு முடியும்வரை ஒரு கல்லும் வைக்கக் கூடாது, அவ்விடத்தைச் செந்தூரிகைப் பூங்காவாகப் பிரகடனப்படுத்த வேண்டும், பூங்காவை இருபத்தெட்டாம் தேதி பேரவையின் போஷகர், கனடா வாழ் கிருபைரட்ணம் திறந்துவைப்பார். கடிதத்தோடு நமசிவாயமும், கடிதம் வந்த காரணத்தால் கஜீபனும் காணிக்கு வந்தார்கள்.

"ஒப்புதல் கையெழுத்து ஒண்டுதான் தேவை," என்றார் நமசிவாயம். "இதாலை உங்கடை காணிக்குத்தான் பெருமை. உலகத் தமிழர் எல்லாம் வந்து பாப்பினம்."

"நாங்கள் எங்கை இருந்து பாக்கிறது?"

"என்ன கேக்கிறியள்?"

"உலகத் தமிழர் வந்து பாக்கேக்கை நாங்கள் எங்கை படுக்கிறது எண்டு கேக்கிறன்."

சிவரூபன் தொண்டையைச் செருமினான். அவனுடைய வாயில் ஒரு ஓம் உருண்டு வருவதைத் தயாளினி கண்டாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றாள். பிறகு நமசிவாயத்துக்கு நேரே திரும்பினாள். "இருபத்தேழு வருசம் ஆமிக்காரன் சொன்னவன், இது தன்ரை காணி எண்டு. அவனிட்டைத் துவக்கு இருந்தது, கேட்டுக்கொண்டு இருந்தம். இப்ப நீங்கள் சொல்லுறியள், பூவின்ரை காணி எண்டு. உங்களிட்டை என்ன இருக்கு, பூதக்கண்ணாடியோ?"

"பிள்ளை, உணர்ச்சிவசப்படாதேங்கோ. இது விஞ்ஞானம்."

"விஞ்ஞானம் எண்டால் நல்லது. பூவை நான் வேலிக்கரைக்கு மாத்திறன். அங்கை நிண்டு வளரட்டும். உங்களுக்குப் பூ, எனக்கு வீடு."

நமசிவாயம் சிரித்தார். வகுப்பில் தவறான விடை சொன்ன பிள்ளைக்குச் சிரிக்கிற சிரிப்பு. "இது நட்டால் வராது. புத்தகத்திலை தெளிவா இருக்கு. பிடுங்கி நட்ட செந்தூரிகை நாலு நாளிலை செத்துப்போகும்."

"தனியப் பிடுங்கினால் சாகும். எனக்கும் தெரியும். மூண்டு தரம் சாகடிச்ச கை இது."

கஜீபன் கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப நான் அறிக்கையிலை என்ன எண்டு எழுதுறது?" என்று பொதுவாக, கிணற்றைப் பார்த்துக் கேட்டான்.

"எழுதுங்கோ தம்பி," என்றாள் தயாளினி. "அரைவாசியை நான் மாத்திறன். மற்ற அரைவாசியை ஐயா தன்ரை விஞ்ஞானத்தின்படி பாக்கட்டும். இருபத்தெட்டாம் தேதி வந்து எண்ணுங்கோ. நான் மாத்தினது செத்தால் பூங்காவை வைச்சுக்கொள்ளட்டும், நான் கையெழுத்துப் போடுறன். உயிரோடை நிண்டால் அண்டைக்கே அத்திவாரம் வெட்டுவன், ஒருதரும் குறுக்கை வரக் கூடாது."

சிவரூபன் அவளை ஒருதரம் பார்த்தான். வீட்டைப் பூவில் வைத்துச் சூதாடுகிறாள் என்று அவனுக்கு விளங்கியது. நமசிவாயமும் யோசித்துப் பார்த்தார். புத்தகம் அவர் பக்கம் இருந்தது. கஜீபன் எழுதினான், இருவரும் ஒப்பமிட்டார்கள். அந்தக் கையோடு நமசிவாயம் சிவரூபனைத் தனியே கூப்பிட்டு, திறப்பு விழாப் பந்தலைக் காணியின் எதிர்ப்பக்கத்து வெறும் நிலத்தில் போடலாமோ என்று கேட்டார். சிவரூபன் என்ன சொன்னான் என்று எழுதத் தேவையில்லை.

தயாளினி மறுநாள் விடியவே அலவாங்கோடும் மண்வெட்டியோடும் இறங்கினாள். ஒரு சாண் ஆழம், இரண்டு சாண் அகலம், புல்லை ஒரு வேரும் அசையாமல் கட்டி கட்டியாகப் பெயர்த்தாள். சிவரூபன் சாக்கில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில் வடக்கு வேலிக்கரைக்குக் கொண்டுபோனான். நிழலில்லாத இடம். அங்கேயே கிடந்த புல்லுக்கு நடுவில் குழி வெட்டி இறக்கி, இடைவெளியெல்லாம் மண் போட்டு மிதித்தாள். முற்றின குஞ்சங்களைப் புல்லுக்கு மேலே பிடித்து உதறினாள். சாம்பலைப்போல விதை கொட்டியது. மொத்தம் முப்பத்தொரு செடி.

ஐந்தாம் நாள் முப்பத்தொன்றும் தலை சாய்த்தன.

"முடிஞ்சுது," என்றான் சிவரூபன். அவன் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. "முகாமிலை எங்கடை அறையை வேறை ஆக்களுக்குக் குடுத்திட்டாங்களோ தெரியேல்லை."

"வாயைக் கழுவுங்கோ," என்றாள் அவள். கத்திரிக்கோலை எடுத்துப்போய் எல்லாக் குஞ்சங்களையும் வெட்டினாள். சிவப்பு முழுவதும் போனது. வேலிக்கரை ஏதோ மாடு மேய்ந்த இடம்போல் இருந்தது. புல்லுக்கு மட்டும் காலையும் பின்னேரமும் தண்ணீர் விட்டாள். பூவுக்குத் தண்ணீர் விட்டுப் பிரயோசனம் இல்லை. புல் குடித்தால்தான் அது குடிக்கும்.

இதற்கிடையில் பொங்கல் வந்தது. பொங்கலுக்கு முதல்நாள் பேரவைத் தொண்டர்கள் எட்டுப்பேர் சீருடைப் பனியனோடு வந்து, தங்கள் பங்குப் பாத்தியைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். நம்மூரில் பொங்கலுக்கு வளவு என்றால் மண் தெரிய வேண்டும். ஒரு புல் நின்றாலும் அந்த வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இல்லையோ என்று கேட்பார்கள். தொண்டர்கள் சவளும் கையுமாகப் புல்லை வேரோடு கிண்டி, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, ஒவ்வொரு செடியையும் சுற்றிக் கடல்மணல் பரப்பி, சுண்ணாம்பு பூசின கல் வரிசையாக அடுக்கினார்கள்.

தயாளினி கிணற்றடியில் நின்று பார்த்தாள். சும்மா நின்றால் போதும், அவர்கள் பங்கு தானாகச் சாகும், நமசிவாயத்தின் மூக்கு உடையும். அவள் அரை வாளி தண்ணீர் அள்ளும்வரை சும்மா நின்றாள். பிறகு முடியவில்லை. அவளுக்குப் பூவோடு கோபம் இல்லை.

"தம்பியவை, புல்லைப் பிடுங்காதேங்கோ. அது புல்லிலைதான் உயிர் வாழுது."

தொண்டர்களின் தலைவன் போல இருந்தவன் நெற்றியைத் துடைத்தான். "அக்கா, கனடாவாலை வாறவர் பாக்கப்போறார். பத்தையா விட்டால் சனம் என்ன சொல்லும்?"

அவள் நமசிவாயத்துக்குப் போன் எடுத்தாள். இந்த முறை அவர் கூட்டத்தில் இல்லை. "புல்லு எண்டது பயிருக்கு எதிரி, பிள்ளை," என்றார். "அஞ்சாம் வகுப்பிலையே படிப்பிக்கிறம். போட்டி எண்டால் போட்டிதான். என்ரை பக்கத்தைக் குழப்பப் பாக்காதேங்கோ."

"சரி ஐயா," என்றாள் தயாளினி. "நான் சொல்லேல்லை எண்டு பிறகு சொல்லாதேங்கோ."

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலை, வேலிக்கரையில் வெட்டின தண்டு ஒன்றின் பக்கத்தில் அரிசியளவு முளை ஒன்று தெரிந்தது. அவள் சிவரூபனைக் கூப்பிடவில்லை. தானே குந்தியிருந்து பார்த்தாள். அடுத்த நாள் ஏழு செடியில் முளை. அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டுவிட்டு, மேசன் தம்பிராசாவிடம் போய், இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு நாலு பேரோடு வரச் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை அண்டைக்கு உங்கை விழா எல்லோ?" என்றான் தம்பிராசா.

"ஓம். எங்களுக்கும் விழாத்தான்."

பாத்தியில் புல் போன ஒரு வாரத்துக்குள் பேரவையின் செந்தூரிகை பழுப்பாகியது. தொண்டர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யூரியா போட்டார்கள். நமசிவாயம் வந்து பார்த்துவிட்டு, இது ஓய்வுநிலை, கோடையில் எல்லாத் தாவரத்துக்கும் வருவது என்றார். தை மாதத்தில் கோடை எங்கிருந்து வந்தது என்று கேட்கிற துணிவு உபசெயலாளருக்கு இருக்கவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னம் திரைநீக்கத்துக்கென்று பாத்தி முழுவதையும் மஞ்சள் சாட்டின் துணியால் மூடினார்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலை போஷகர் கிருபைரட்ணத்தை ஒழுங்கை முகப்பிலிருந்து நாதஸ்வரம், தவிலோடு அழைத்துவந்தார்கள். ஒழுங்கை முகப்பிலிருந்து பந்தலுக்கு முப்பது அடி. கீர்த்தனம் பாதியில் நிற்கக் கூடாது என்பதால் அவரைக் கிணற்றை இரண்டு முறை சுற்றவிட்டார்கள். பிறகு நிறைகுடம், மங்கல விளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை, ஆசியுரை. பேரவையின் எல்லாப் பதவிகளும் ஒவ்வொரு பொன்னாடை போர்த்தன. கனடாவின் குளிரைத் தாங்கின மனுஷன் பொன்னாடைகளுக்குள் வேர்த்துக் கொட்டினார். வடக்கு வேலிக்கரையில் தம்பிராசாவும் நாலு பேரும் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு பீடி புகைத்தார்கள். கஜீபன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், யாருடைய நிழலிலும் இல்லாமல் நின்றான்.

"மயிலிட்டியின் மாணிக்கத்தை இப்போது திரைநீக்கம் செய்து வைப்பார்," என்றது ஒலிபெருக்கி.

கிருபைரட்ணம் கயிற்றை இழுத்தார். சாட்டின் துணி விலகியது. வெள்ளைக் கல், வெள்ளை மணல், நடுவில் பளபளவென்று சிவப்புக் குஞ்சங்கள். கைதட்டினார்கள். கிருபைரட்ணம் பூப்பிரியர். குனிந்து ஒன்றை ஆசையாகத் தொட்டார். குஞ்சம் ஒடிந்து கையோடு வந்தது. விரலைப் பார்த்தார். விரல் சிவந்திருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"பெயின்ற்," என்றார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது துறைமுகம்வரை கேட்டது.

முதல்நாள் இரவு தொண்டர் ஒருவர் விசுவாசத்தால் செய்த காரியம் அது. எனாமல், ஈரக்காற்றில் காயவில்லை. நமசிவாயம் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் உபசெயலாளரைப் பார்த்தார். உபசெயலாளருக்குக் கீழே பார்க்க ஆள் இல்லாததால் வானத்தைப் பார்த்தார்.

"அப்ப உயிருள்ளது ஒண்டும் இல்லையோ?" என்று கிருபைரட்ணம் கேட்டார். அவர் கோபித்ததாகத் தெரியவில்லை. பதினெட்டு மணித்தியாலம் பறந்து வந்த மனுஷன், பூ ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டார்.

பணிப்பாளர் உத்தியோகம் பார்த்தவருக்கு இப்படியான இடங்களில் நாக்குத் தானாக ஓடும். "பேரவையின் வழிகாட்டலிலை," என்றார் நமசிவாயம், "ஒரு பகுதித் தாவரங்கள் பரீட்சார்த்தமாக வடக்கு எல்லைக்கு இடம்பெயர்க்கப்பட்டிருக்கு. அதைப் பார்வையிடலாம்."

தயாளினி வேலிக்கரையிலிருந்து பந்தலுக்கு நடந்து வந்தாள். மண்வெட்டி கையில் இருந்தது. அதை எங்காவது வைத்துவிட்டு வர அவளுக்குத் தோன்றவில்லை.

"இடம்பெயர்க்கிறதுக்கு எங்களுக்கு ஒருதரும் வழிகாட்டத் தேவையில்லை, ஐயா," என்றாள். "தொண்ணூறாம் ஆண்டு இந்தக் காணியிலை இருந்து ஓடினனாங்கள். பதினாலு இடம் மாறினனாங்கள். தனியப் போனவை எப்பிடிப் போனவை, அயலட்டையோடை போனவை எப்பிடித் தப்பினவை எண்டு கண்ணாலை கண்டனாங்கள். பூவை நான் அதின்ரை அயலட்டையோடை கொண்டுபோனனான். நீங்கள் அயலட்டையைக் கூட்டி அள்ளிப்போட்டு மணல் பரப்பினியள். உங்கடை விஞ்ஞானத்திலை பிழை இல்லை. உங்கடை விளக்குமாத்திலைதான் பிழை."

நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைக்கிற சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இன்னொண்டு. இவர் பேப்பரிலை போட்டதுபோல இது ஒரு வருத்தத்தையும் மாத்தாது. பொடுகு போகும், அவ்வளவுதான். ஒருதரும் குடிச்சுப் பாக்காதேங்கோ. கஜீபன் தம்பி, வாங்கோ. எண்ணுங்கோ."

எல்லாரும் வேலிக்கரைக்குப் போனார்கள். அது பார்க்க ஒழுங்கான இடம் இல்லை. புல் கண்டபாட்டுக்கு வளர்ந்து காலில் சுற்றியது. அதற்குள்ளே, ஒரு சாண் உயரத்தில், குட்டையும் கோணலுமாகச் சிவப்புகள் நின்றன. கஜீபன் குனிந்து குனிந்து எண்ணினான். பிழை விடக் கூடாதென்று திரும்பவும் எண்ணினான். முப்பத்தொன்றில் இருபத்தாறு. கிருபைரட்ணம் பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, புல்லில் முழங்கால் ஊன்றினார்.

"பூ எது?" என்றார் தயாளினியிடம்.

"உந்தச் சிவப்பு இலை. விரியுங்கோ. உள்ளுக்கு ஒரு குழல் தெரியுதோ? அதுதான்."

"ஓ," என்றார் அவர். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்டு கொண்டுபோகலாமோ?"

"புல்லையும் மண்ணையும் சேத்துத்தான் கொண்டுபோகோணும். எயார்போட்டிலை விடுவாங்களோ?"

"விடமாட்டாங்கள்."

"அப்ப இஞ்சை வந்துதான் பாக்கோணும். வீடு கட்டினாப்பிறகு வாங்கோ, தேத்தண்ணி தாறன்."

கஜீபன் கோப்பைத் திறந்து முழங்காலில் வைத்து எழுதினான். ஆட்சேபம் இல்லை, அத்திவாரம் இடலாம் என்று எழுதி, திகதி போட்டு ஒப்பமிட்டான். அவனுடைய கையெழுத்து அன்றுதான் முதன்முதலாக நேராக வந்தது. தம்பிராசா பீடியை மிதித்து அணைத்துவிட்டு நூலையும் முளைக்கட்டைகளையும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

பந்தலில் நமசிவாயம் தலைமையுரைக்கு எழுந்து நின்றார். பதினேழு பக்கம் எழுதிவைத்திருந்தார், அதை என்ன செய்வது. பாதிச் சனம் வேலிக்கரையில் நின்றது, மீதி வடையும் தேத்தண்ணியும் எங்கே என்று பார்த்தது. அவர் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது, பந்தல் எதிர்ப்பக்கத்தில் போடப்பட்டதென்றாலும் அதன் கீழ்மூலை அளவு தவறி நூலுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. தம்பிராசா நூலைப் பிடித்தபடி மேடையடியில் நின்று தயாளினியைத் திரும்பிப் பார்த்தான்.

சிவரூபனும் பார்த்தான். நமசிவாயம் அவனை நோக்கிக் குனிந்து, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, ஒரு பதினஞ்சு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்கோ," என்றார்.

சிவரூபன் வாயைத் திறந்தான். "ஏலாது, ஐயா," என்றான். சொல்லி முடித்ததும் தன் குரலைத் தானே கேட்டவன்போலக் கொஞ்சம் வெருண்டான்.

தயாளினி மேடைக்குக் கிட்டப் போனாள்.

"கதிரையைத் தூக்குங்கோ, ஐயா," என்றாள். "நீங்கள் நிக்கிறது எங்கடை குசினி."

நமசிவாயம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பதினேழு பக்கத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதிரையைத் தானே தூக்கினார். தம்பிராசா அடுப்பு வரவேண்டிய அந்த இடத்தில் முளைக்கட்டையை வைத்து அடித்தான்.